தருமபுரி மாவட்டக் கிணற்றுப் பாசனத்தில் ஆயில் எஞ்சின்: எரிபொருள் அமைப்பும் பழுதுநீக்கமும்

ஆயில் எஞ்சின் என்பது டீசல் அல்லது மண்ணெண்ணெயில் இயங்கிக் கிணற்று நீரை இறைக்கும் பம்பை ஓட்டும் சிறு பொறியாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ மூன்று தலைமுறைக் காலம் தமிழ்நாட்டின் வறண்ட மேட்டுநில மாவட்டங்களில் பயிரைக் காத்த கருவிகளுள் இது முதன்மையானது. தருமபுரி மாவட்டத்தில் இதன் வரலாறு, எஞ்சினை வாங்கியதோடு நிற்பதில்லை. ஓடாமல் நின்றுபோன எஞ்சினை மீண்டும் ஓடவைத்ததும் அதில் அடங்கும். எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலான நேரங்களில் காரணமாக இருந்தது அதன் எரிபொருள் அமைப்பு. டேங்க், குழாய், ஃபில்டர், பம்பு, நாசில் என்ற ஐந்து உறுப்புகளைப் பற்றிய அறிவு, ஒரு குடும்பத்தின் ஒரு பருவத்து விளைச்சலைத் தீர்மானித்தது.

நிலமும் நீரும்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 9 அன்று இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன்பு ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை ஆகிய பகுதிகளும் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவையே. பழங்காலத்தில் இப்பகுதி தகடூர் நாடு என்றும், பிற்காலத்தில் பாராமகால் என்றும் வழங்கப்பட்டது.

காவிரி ஆறு ஒகேனக்கல் வழியாகவே தமிழ்நாட்டுச் சமவெளியை நோக்கி இறங்குகிறது. ஆயினும் அது ஆழமான பாறைப் பள்ளத்தில் ஓடுவதால், மேட்டில் உள்ள பென்னாகரம், பாலக்கோடு, தருமபுரி வட்டாரங்களின் வயல்களுக்கு அந்நீர் தானாகப் பாய்வதில்லை. தென்பெண்ணை, சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி போன்ற ஆறுகள் மழையை நம்பியவை. அணைகள் கட்டப்பட்ட பின்பும் அவற்றின் ஆயக்கட்டு மாவட்டத்தின் ஒரு பகுதிக்கே எட்டியது. எஞ்சிய நிலம் மானாவாரியாகவோ கிணற்றுப் பாசனமாகவோ இருந்தது.

இம்மாவட்டத்தின் அடித்தளம் சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. கடினப் பாறையில் நீர், மணலில் இருப்பதுபோல எங்கும் பரவியிருப்பதில்லை. மேலுள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. எனவே உழவர்கள் அகலமான திறந்த கிணறுகளை வெட்டி, ஊற்று நீரைச் சேர்த்துவைத்து இறைத்தனர். கிணறு வெட்டுவது ஒரு செலவு என்றால், அதிலிருந்து நீரை மேலே கொண்டுவருவது அன்றாடச் செலவு.

ஏற்றமும் கவலையும்

எஞ்சின் வருவதற்கு முன்பு ஆழம் குறைந்த கிணறுகளில் ஏற்றமும், ஆழமான கிணறுகளில் கவலையும் நீரிறைக்கப் பயன்பட்டன. கவலையில் இரண்டு மாடுகள் சரிவான பாதையில் இறங்கும்போது வடம் இழுபட்டு, சால் மேலே வரும். சாலின் அடியில் இணைந்த தோல் தும்பியின் வழியாக நீர் வாய்க்காலில் கொட்டும். பின்பு மாடுகள் பின்னோக்கி ஏறிவரச் சால் மீண்டும் கிணற்றில் இறங்கும்.

இந்த முறைக்குப் பணம் அதிகம் தேவைப்படவில்லை. ஆனால் நல்ல மாடுகள், அவற்றுக்குத் தீவனம், நாள் முழுவதும் ஓர் ஆள் ஆகியவை தேவைப்பட்டன. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதுதான் பயிருக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். தீவனம் குறைந்து மாடுகள் இளைத்திருப்பதும் அதே பருவத்தில்தான். இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் கருவியாக ஆயில் எஞ்சின் வரவேற்கப்பட்டது.

எண்ணெய்ப் பொறியின் தோற்றம்

எண்ணெயால் ஓடும் பொறியை இங்கிலாந்தில் ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டுவர்ட் 1890இல் காப்புரிமை பெற்று உருவாக்கினார். கிரந்தம் நகரின் ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் அதைத் தயாரித்தது. அதில் ஒரு குமிழ் போன்ற அறையை முதலில் வெளியிலிருந்து விளக்கால் சூடாக்க வேண்டும். அதன்பின் அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவியாகி எரியும். ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் காற்றை மட்டும் கடுமையாக அழுத்திச் சூடாக்கி, அதில் எரிபொருளைச் செலுத்தும் முறையை வகுத்தார். அவருடைய எஞ்சின் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் வெற்றிகரமாக ஓடியது.

டீசலின் முதல் எஞ்சின்களில் அழுத்தப்பட்ட காற்றின் துணையால்தான் எரிபொருள் உள்ளே செலுத்தப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும். எனவே அவை பெரிய ஆலைகளுக்கும் கப்பல்களுக்குமே பொருந்தின. எரிபொருளை நேரடியாக, மிகுந்த அழுத்தத்தில், துல்லியமான அளவில் தள்ளும் சிறிய பம்பு கிடைக்கும்வரை உழவரின் கிணற்றுக்கு டீசல் எஞ்சின் எளிதில் வந்திருக்க முடியாது. ராபர்ட் பாஷ் நிறுவனம் அத்தகைய பம்பை 1927இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. சிறு டீசல் எஞ்சின்கள் பரவுவதற்கு இது வழி திறந்தது. டீசல் எஞ்சினின் வரலாற்றில் எரிபொருள் அமைப்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இதுவே சான்று.

சென்னை மாகாணத்தில் எஞ்சின்

சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினைக் கொண்டு பாசன நீர் இறைக்கும் முயற்சியை இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முன்னெடுத்தார். பொறியியல் பேராசிரியராக வந்து பின்னர் மாகாணத்தின் தொழில்துறைப் பொறுப்பை ஏற்றவர் அவர். கிணறுகளில் எஞ்சினும் மையவிலக்குப் பம்பும் பொருத்தி, மாட்டு இறைவையோடு செலவை ஒப்பிட்டுக் காட்டினார். ஆயினும் இறக்குமதி எஞ்சினின் விலை சாதாரண உழவருக்கு எட்டாததாகவே இருந்தது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1946இல் புனேயில் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் உழவுக்கேற்ற எஞ்சின்களைப் பெருமளவில் தயாரித்தது. இங்கிலாந்தின் லிஸ்டர், பெட்டர் வகை எஞ்சின்களின் அமைப்பைப் பின்பற்றி ராஜ்கோட் போன்ற நகரங்களின் பட்டறைகள் விலை குறைந்த எஞ்சின்களைச் செய்தன. பம்புத் தொழிலில் கோயம்புத்தூர் முன்னணிக்கு வந்தது. 1951இல் உருவான மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி (மைக்கோ) பெங்களூர் ஆடுகோடியில் ஆலை அமைத்து, எரிபொருள் பம்பு, நாசில் போன்ற நுண்ணிய உறுப்புகளை இந்தியாவிலேயே தயாரிக்கத் தொடங்கியது. பெங்களூரை அடுத்துள்ள தருமபுரிப் பகுதிக்கு இது பெரிய வசதியாயிற்று. முன்பு கப்பலில் வரவேண்டிய நாசில், இப்போது பேருந்தில் போய் வாங்கிவரும் தொலைவில் கிடைத்தது.

கூட்டுறவு நிலவள வங்கிகள் கிணறு வெட்டவும் எஞ்சின் வாங்கவும் நீண்டகாலக் கடன் வழங்கின. கடனுக்கு ஈடாக நிலமே வைக்கப்பட்டது. எனவே எஞ்சின் பழுதானால் நீர் மட்டுமன்றித் தவணையும் நின்றது. தவணை தவறினால் நிலத்துக்கே ஆபத்து. எரிபொருள் அமைப்பின் சிறு கோளாறுகளை உழவர்கள் அசட்டை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சின் கிணற்றடியோடு நிற்கவில்லை. கரும்பு ஆட்டும் ஆலைகள், மாவரைக்கும் இயந்திரங்கள், நிலக்கடலை உடைக்கும் இயந்திரங்கள், டூரிங் டாக்கீஸ்களின் ஜெனரேட்டர் என்று மின்சாரம் எட்டாத ஊர்களில் அது பல வேலைகளைச் செய்தது.

எரிபொருள் அமைப்பின் பகுதிகள்

ஒரு சிலிண்டர் டீசல் எஞ்சினின் எரிபொருள் பாதை எளிமையானது. எஞ்சினுக்கு மேலே பொருத்தப்பட்ட டேங்கிலிருந்து டீசல் தன் எடையாலேயே கீழிறங்குகிறது. வழியில் ஒரு திருகுக் குழாயும் ஒரு ஃபில்டரும் உள்ளன. அங்கிருந்து அது எரிபொருள் பம்புக்குச் செல்கிறது. பம்பு அதனை அழுத்தி, தடித்த எஃகுக் குழாயின் வழியாக சிலிண்டர் தலையில் உள்ள நாசிலுக்குத் தள்ளுகிறது. நாசிலின் ஊசி, வலுவான ஸ்பிரிங்கால் மூடப்பட்டிருக்கும். டீசலின் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கை வெல்லும்போது ஊசி சற்றே எழும்பி, டீசல் பனிபோலச் சிதறி உள்ளே பாய்கிறது. கசியும் சிறிதளவு டீசல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் திரும்புகிறது.

இதன் நுட்பத்தை ஒரு கணக்கால் அறியலாம். நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் 5 குதிரைத்திறன் எஞ்சின், முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக டீசல் எரிக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் செலுத்தப்படுகிறது. அதாவது நிமிடத்திற்கு 750 முறை, மணிக்கு 45,000 முறை. ஒரு லிட்டரை 45,000ஆல் வகுத்தால் ஒவ்வொரு முறையும் செல்லும் அளவு ஏறத்தாழ 22 கன மில்லிமீட்டர். இது ஒரு சாதாரணத் துளியில் பாதிக்கும் குறைவு. இந்த அரைத்துளியை ஒரே அளவில், சரியான நொடியில், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் பம்பு தள்ள வேண்டும்.

பம்பின் உள்ளே இருக்கும் பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த இணையை மெக்கானிக்குகள் 'எலிமென்ட்' என்பர். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அதில் இருபதில் ஒரு பங்குகூட இராது. இங்கு ரப்பர் வளையமோ தோலோ இல்லை. உலோகத்தோடு உலோகம் பொருந்தியிருப்பதே அடைப்பு. அந்த இடைவெளியில் டீசலே மசகு எண்ணெயாகவும் வேலை செய்கிறது. எனவே கண்ணுக்குத் தெரியாத தூசியும் ஒரு துளி நீரும் இந்த உறுப்பைக் கெடுக்கப் போதுமானவை.

பழுதைக் கண்டறியும் முறை

நின்றுபோன எஞ்சினில் கோளாறு எங்கே உள்ளது என்று தேடுவதற்கு ஒரு வரிசை இருந்தது. டேங்கில் தொடங்கி நாசிலில் முடிப்பதே அந்த வரிசை. எளிதில் பார்க்கக்கூடியதை முதலிலும், கழற்றினால் கெடக்கூடியதைக் கடைசியிலும் பார்ப்பது இதன் நோக்கம்.

முதலில் டேங்கின் மூடி. மூடியில் உள்ள காற்றுத் துளை சேற்றாலோ குளவிக் கூட்டாலோ அடைபட்டால், டீசல் இறங்க இறங்க டேங்கில் வெற்றிடம் உண்டாகும். எஞ்சின் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடினால் பழுது அதுதான். அடுத்து டேங்கின் அடியில் தங்கிய நீரும் வண்டலும். டீசலைவிட நீர் எடை மிகுந்ததால் அடியில் சேரும். மழைநீர் மட்டுமன்றி, பாதி நிரம்பிய டேங்கில் இரவுக் குளிரால் படியும் ஈரமும் இதற்குக் காரணம். ஆகவே வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கமாகக் கருதப்பட்டது.

மூன்றாவது ஃபில்டர். டேங்கில் ஊற்றும்போதே புனலில் துணி வைத்து வடிகட்டுவது எல்லா ஊர்களிலும் வழக்கம். நூல் பிரியும் துணியானால் அந்த நூலே குழாயை அடைக்கும். ஃபில்டர் அடைபட்ட எஞ்சின் சுமையில்லாமல் ஓடும், பம்பை ஓட்டும் சுமை ஏறியதும் திணறும்.

நான்காவது, மிகுதியும் நேர்ந்தது, 'ஏர் பிடிப்பது'. டேங்க் காலியாகும்வரை ஓட்டினாலோ, இணைப்பில் செம்பு வாஷர் தேய்ந்து காற்று புகுந்தாலோ பம்பில் காற்றுக் குமிழ் சேரும். நீர்மத்தை அழுத்தினால் அது சுருங்காது. காற்றை அழுத்தினால் சுருங்கும். பம்பு எவ்வளவு தள்ளினாலும் காற்றுதான் சுருங்கி விரியுமே தவிர, நாசிலின் ஊசி எழும்பாது. இதற்கு மருந்து எளிது. ஃபில்டரிலும் பம்பிலும் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வழியும்வரை விட்டு, பிறகு இறுக்க வேண்டும். அதன்பின் அழுத்தம் நீக்கும் லீவரை உயர்த்தி ஹேண்டிலால் சுற்றினால், ஒவ்வொரு முறையும் நாசிலில் 'கிர்' என்ற ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்டால் எரிபொருள் சேர்ந்துவிட்டது என்று பொருள். பல உழவர்கள் படித்து அறியாமல் காதால் அறிந்த பாடம் இது.

இவை நான்கும் உழவரே செய்துகொள்ளக்கூடியவை. இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, சுத்தமான துணி, கைவசம் சில செம்பு வாஷர் ஆகியவை போதும்.

ஐந்தாவதான நாசிலைக் கழற்றிச் சோதிப்பது மெக்கானிக்கின் வேலை. நாசிலை வெளியே எடுத்து, குழாயோடு மீண்டும் இணைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்ப்பர். டீசல் பனிபோலச் சிதறி, நின்றவுடன் முனை உலர்ந்திருந்தால் நாசில் நன்று. தாரையாக ஒழுகினாலோ முனையில் சொட்டினாலோ ஊசி சரியாக உட்காரவில்லை. கரியைப் பித்தளைத் தூரிகையாலும் மரக்குச்சியாலும் நீக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் துளையின் வடிவமே கெடும். சிதறும் டீசலுக்கு எதிரே கையை நீட்டக் கூடாது என்பது தொழிலின் முதல் எச்சரிக்கை. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் விரலையே இழக்க நேரும்.

எலிமென்ட் தேய்ந்தால் கிராமத்தில் சரிசெய்ய வழியில்லை. அதைக் கழற்றிக்கொண்டு நகரத்துப் பம்பு சர்வீஸ் கடைக்குப் போக வேண்டும். ஒரு எஞ்சினின் பிளஞ்சரை மற்றொன்றின் பேரலில் பொருத்த முடியாது. இரண்டும் இணையாகவே உருவாக்கப்பட்டவை. இங்குதான் உழவரின் கைவேலையும் ஆலையின் துல்லியமும் பிரிந்தன.

புகையின் நிறமும் ஓர் அறிகுறி. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதி, காற்று குறைவு அல்லது நாசில் கோளாறு. வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது. அது எரிபொருள் அமைப்பின் பழுதன்று, பிஸ்டன் ரிங் போன்றவற்றின் தேய்மானம்.

மண்ணெண்ணெய் எஞ்சினும் கார்புரேட்டரும்

டீசல் எஞ்சினோடு, தோளில் அல்லது சைக்கிளில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய மண்ணெண்ணெய் எஞ்சின்களும் புழக்கத்தில் இருந்தன. இவற்றில் பம்பும் நாசிலும் இல்லை. கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே பெட்ரோலில் தொடங்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மண்ணெண்ணெயை மூடிவிட்டுப் பெட்ரோலில் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். இதை மறந்தால் கார்புரேட்டரின் மிதவை அறையில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் எஞ்சின் கிளம்பாது. எரியாத மண்ணெண்ணெய் மசகு எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்வதும் உண்டு.

மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டும் கலை இலங்கைத் தமிழரிடையே வேறொரு சூழலில் உச்சம் பெற்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள் வருவது தடைபட்டது. பெட்ரோல் கிடைக்காத நிலையில் மோட்டார் சைக்கிள்களையும் பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களையும் அங்குள்ளோர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். கிளப்புவதற்கு மட்டும் சில துளிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் செலுத்தினர். நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் தோட்டங்களுக்கு நீர் இறைக்கவும் இந்த உத்தி உதவியது.

தருமபுரிப் பகுதியில் கார்புரேட்டரை ஊரறியச் செய்தது மற்றொரு வாகனம். 1980இல் ஓசூரில் உற்பத்தியான டி.வி.எஸ். 50 மொபெட் உழவர்களின் அன்றாட ஊர்தியாயிற்று. ஓசூர் அன்று தருமபுரி மாவட்டத்திலேயே இருந்தது. ஜெட் துளையை ஊதிச் சுத்தம் செய்வது, மிதவையைச் சரிபார்ப்பது போன்ற வேலைகள் இதன்மூலம் சிற்றூர் இளைஞர்களுக்கும் பழக்கமாயின.

கலப்படத்தின் விலை

1973இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் தடையால் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. இந்தியாவில் ஏழைகளின் அடுப்புக்காகவும் விளக்குக்காகவும் மண்ணெண்ணெய் மானிய விலையில் ரேஷன் கடைகளில் வழங்கப்பட்டது. டீசலுக்கும் மானிய மண்ணெண்ணெய்க்கும் இருந்த விலை வேறுபாடு கலப்படத்திற்கு இடமளித்தது. இதைத் தடுக்க ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் சேர்க்கப்பட்டது.

மண்ணெண்ணெய் கலந்த டீசலில் எஞ்சின் ஓடும். உடனே எதுவும் கெடாது. கேடு மெல்லத் தெரியும். மண்ணெண்ணெய் டீசலைவிட நீர்மையானது, வழுவழுப்புக் குறைந்தது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே மசகு குறைந்து தேய்மானம் கூடும். பின்பு டீசல் பக்கவாட்டில் கசிந்து, அழுத்தம் குறைந்து, எஞ்சின் கிளம்ப மறுக்கும். லிட்டருக்குச் சேமித்த சில ரூபாயை எலிமென்டின் விலை ஒரே நாளில் விழுங்கிவிடும். கலப்படம் என்று தெரிந்தே வாங்கியவரும், தெரியாமல் ஏமாந்தவரும் ஒரே இழப்பை அடைந்தனர்.

கிணற்றுக்குள் இறங்கிய எஞ்சின்

மையவிலக்குப் பம்பு நீரை உறிஞ்சும் ஆழத்திற்கு எல்லை உண்டு. உண்மையில் பம்பு நீரை இழுப்பதில்லை. வளிமண்டல அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தாங்கும் நீர்த்தூணின் உயரம் கடல்மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர். குழாய் உராய்வு முதலியவை போக, நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சுவது கடினம்.

நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கியபோது, உழவர்கள் கிணற்றின் பக்கச் சுவரில் பாறையைக் குடைந்து திட்டு அமைத்து, எஞ்சினையும் பம்பையும் அதில் இறக்கி வைத்தனர். நீர் மேலும் இறங்க, திட்டும் கீழே நகர்ந்தது. இதனால் எரிபொருள் அமைப்பைப் பழுதுபார்ப்பது இன்னும் கடினமாயிற்று. வெளிச்சம் குறைந்த, வழுக்கும் திட்டில் நின்றுகொண்டு நுண்ணிய உறுப்புகளைக் கழற்ற வேண்டும். கை தவறி விழுந்த ஊசியைக் கிணற்று நீரில் தேடி எடுக்க முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து புகை. எஞ்சின் வெளியேற்றும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்றோட்டம் இல்லாத ஆழ்கிணற்றில் அது தங்கி, உள்ளே இருப்பவரை அவர் அறியாமலே மயங்கச் செய்யும். மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அதே கதிக்கு உள்ளாவார். ஆகவே புகைக்குழாயைக் கிணற்றுக்கு மேலே நீட்டுவது, எஞ்சினை நிறுத்திக் காற்று மாறியபின் இறங்குவது, மேலே ஓர் ஆளை நிறுத்திக் கயிறு கட்டி இறங்குவது ஆகியவை விதிகளாகக் கொள்ளப்பட்டன. அவசரத்தில் இந்த விதிகளை மீறியவர்கள் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

மெக்கானிக்கின் கல்வி

ஆயில் எஞ்சின் மெக்கானிக்குகளுள் பலர் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள். முதல் ஆண்டுகளில் அவர்கள் செய்தது உறுப்புகளை டீசலில் கழுவித் துணியில் வரிசையாக அடுக்குவது. கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, அதன் எதிர்வரிசையில் பூட்டுவதே முதல் பாடம். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் இந்தக் கல்விக்கு முறையான வடிவம் கொடுத்தன. தொழிற்பயிற்சி நிலையங்களில் 'மெக்கானிக் டீசல்' ஒரு பிரிவாக நிலைபெற்றது. பட்டறையில் கற்றவர் ஒலியாலும் புகையாலும் பழுதை அறிந்தார்; நிலையத்தில் கற்றவர் அதன் காரணத்தை விளக்கக் கற்றார். இரண்டும் சேர்ந்தவர்களே வட்டாரத்தில் தேடப்பட்டனர்.

வீழ்ச்சியும் இன்றைய நிலையும்

1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் பாசன மின் இணைப்புகள் விரைந்து பெருகின. சிறு உழவர்களுக்கு 1984இலும், எல்லா உழவர்களுக்கும் 1990 முதலும் பாசனத்திற்கு மின்சாரம் இலவசமாயிற்று. லிட்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் டீசல் அதனோடு போட்டியிட முடியவில்லை.

மின்சாரம் மட்டுமே ஆயில் எஞ்சினை வீழ்த்தியது என்று கூற முடியாது. நீர்மட்டம் திறந்த கிணறுகளின் அடியைத் தாண்டி இறங்கியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நூற்றுக்கணக்கான அடி ஆழத்திற்குப் பாறையைத் துளைத்தன. அந்த ஆழத்திலிருந்து நீரை ஏற்றப் பெரும்பாலும் நீர்மூழ்கி மோட்டாரே பயன்பட்டது. மேலே நின்று உறிஞ்சும் எஞ்சினுக்கு அங்கு வேலையில்லை. பழுதுபார்க்க முடியாமல் கைவிடப்பட்ட எஞ்சின்களைவிட, நல்ல நிலையில் இருந்தும் எட்டுமளவில் நீர் இல்லாததால் கைவிடப்பட்டவையே தருமபுரியில் மிகுதி எனலாம். அவற்றுள் பல பழைய இரும்பு விலைக்குப் போயின.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவியபோது, மூலையில் கிடந்த எஞ்சின்கள் சில மீண்டும் எழுப்பப்பட்டன. நீண்ட நாள் நின்ற எஞ்சினில் டீசல் பசைபோல் இறுகி, ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது. டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, நாசிலை எடுத்துக் காட்டும் பழைய வரிசையே அப்போதும் பயன்பட்டது.

இன்று பவர் டில்லர், பவர் ஸ்பிரேயர், புல்வெட்டும் பிரஷ் கட்டர் ஆகியவை உழவரின் கைக்கு வந்துள்ளன. பவர் டில்லரின் டீசல் எஞ்சின் பழைய எஞ்சினின் வழித்தோன்றல். அதே டேங்க், ஃபில்டர், பம்பு, நாசில் வரிசை அதிலும் உண்டு. ஸ்பிரேயரிலும் பிரஷ் கட்டரிலும் கார்புரேட்டர் உள்ளது. இவற்றுக்கு 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு புதிய சோதனை. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வகை ரப்பர் குழாய்களையும் சவ்வுகளையும் கெடுக்கும். பருவம் முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் எஞ்சியது தீரும்வரை ஓட்டி நிறுத்தினால் இந்தப் பழுதைத் தவிர்க்கலாம்.

2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் வழியாகச் சூரிய ஆற்றல் பம்புகள் பரவி வருகின்றன. அவற்றில் எரிபொருள் அமைப்பே இல்லை. ஆயினும் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கிணற்றடியில் ஓடிய அதே வகை 5 குதிரைத்திறன் எஞ்சின் இன்றும் ஓடுகிறது. அதில் எரிபொருள் செலவை அளக்கும் மாணவர்கள், சோதனையைத் தொடங்கும் முன் பம்பின் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுகின்றனர்.